பதினாலாம் இலக்கத் தரிப்பிடம்

தொடர்மாடி வீட்டோடு
ஒரு வாகனத் தரிப்பிடமும் எழுதித் தந்தார்கள்.
நீளம் பதினாறு அடி.
கார் இல்லை. கார் விற்கிற விலைக்கு
இனியும் வராது.

வரைபடத்தில் கயாக் பதினைந்து அடி.
மிச்ச ஓரடியில் நான் நிற்கலாம்.

மொரட்டுவையில் மரம் எடுத்தேன்.
அவர்களுக்கு லுனுமிதெல்ல, எங்களுக்கு மலைவேம்பு,
எந்தப் பெயர் சொன்னாலும் மிதக்கும்.
கால் அங்குலக் கீற்றுகளாய் அறுத்துத் தந்தவன்
"கூரைக்கோ?" என்றான்.
தண்ணிக்கு என்றேன்.
கொஞ்சம் யோசித்து
ஐந்நூறு ரூபாய் குறைத்தான்.

ஒரு விளிம்பில் பள்ளம், மறு விளிம்பில் மேடு.
வங்கியால் வந்து, தோட்டைக் கழற்றி வைத்து
பசைப் போத்தலைத் திறப்பேன்.
ஓர் இரவுக்கு நாலு கீற்று,
கடல்பக்கம் ரயில் போனால் மூன்று.
மூக்கை நோக்கி வளைகிற இடத்தில்
மரம் முரண்டு பிடிக்கும்.
கொதிநீரில் தோய்த்த துவாயைச் சுற்றிவிட்டு
நானும் முரண்டு பிடிப்பேன்.
இரண்டு முறிந்தன. ஒன்று
என் நெற்றியில்.

செயலாளர் அன்னராசா கடிதம் போட்டார்:
தரிப்பிடம் வாகனங்களுக்கு மாத்திரம்.
கட்டுமரம் கட்டுவதற்கு அல்ல.
பதில் எழுதினேன்:
இதுவும் வாகனம். மேலும்,
கட்டவில்லை ஐயா, ஒட்டுகிறேன்.

கடைசியில் மிஞ்சிய இடைவெளி
பாதி மூடிய கண் மாதிரி.
அதற்கென்று ஒரு கீற்றை
இழைப்புளியில் சீவினேன், வைத்தேன், எடுத்தேன், சீவினேன்.
பதினோராம் தரம்
அலுமாரி சாத்தினாற்போல் ஒரு சத்தம்.
யாரும் இல்லை, சொல்ல.
காவலாளி சுனிமலிடம் சொன்னேன்.
அவர் தேத்தண்ணீர் ஊற்றினார்.

ஊசிகளைப் பிடுங்கி முடித்த அன்று பார்த்து
மின்வெட்டு.
கவிழ்ந்து கிடந்ததன் அடியில்
டோர்ச்சைச் செருகினேன், எங்கே ஒழுகும் என்று பார்க்க.

கார்கள் எல்லாம் காணாமல் போயின.
தேன் நிறத்தில் அது மட்டும் கிடந்தது,
கீற்றுக்கும் கீற்றுக்கும் நடுவே
ஒளி கீற்றாய்க் கிழிந்து தூணில் ஏறியது.
லிஃப்ட் இல்லாமல் படியால் இறங்கியவர்கள்
பையோடு நின்றார்கள்.
ஃபாரிஸாவின் மகன் எண்ணினான்:
பத்தொன்பது.

அன்னராசா தன் போன் வெளிச்சத்தை அணைத்தார்.
"இவ்வளவு ஓட்டையோ?"
தெரியத்தானே விளக்கு என்றேன்.
சாரத்தை மடித்துக் குந்தி
நெடுநேரம் பார்த்தார்.
"இஞ்ச ஒண்டு விட்டிட்டியள்."

மரத்தூளில் எபோக்சி குழைத்து
இருபதையும் அடைத்தாயிற்று.
இனி பைபர் துணி, துடுப்பு, இருக்கை, நிறைய இருக்கிறது.
ஆனால் நேற்றைய கொமிட்டிக் கூட்டத்தில்
வெள்ளவத்தைக் கால்வாயா, பொல்கொட வாவியா,
எதில் முதலில் இறக்குவதென்று
பெரிய வாக்குவாதமாம்.

எனக்கு அழைப்பில்லை.