நான்காவது நங்கூரம்

மூன்று அங்குலம்.
தூக்குக்குண்டு நூலுக்கும் சுவருக்கும் நடுவே
என் கட்டைவிரல் முழுசாய்ப் போனது.
ஈஸ்டரில் பாதிதான் போனது என்றாள் வெர்னா ஹுடாக்.

பிட்ஸ்பர்க்கின் இந்தச் சரிவில்
மழை விட்டால் செம்மண் சோப்புக்கட்டி.
சுவரின் வடிதுளைகளை எல்லாம்
முன்பிருந்த வீட்டுக்காரர் அழகுக்காக
சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார்.
போக்கிடம் இல்லாத தண்ணீர்
முதுகில் நின்று தள்ளத் தள்ள
அவள் கார் ஷெட்டை எட்டிப் பார்த்தது சுவர்.

சுருள்தகடு வைத்த இரும்புத் தண்டு,
இருபத்தெட்டு அடி, சற்றே கீழ்நோக்கி.
வழுக்காத மண் எங்கோ அங்கே போய்ப் பிடிக்க வேண்டும்.
அந்த மண் கிடப்பது
மேல்வீட்டு ஆன்டே லூபிச்சின் தோட்டத்தடியில்.

பதினோரு வருஷமாய்ப் பேச்சில்லை இருவருக்கும்.
பனியை அள்ளி யார் பக்கம் கொட்டினார்கள் என்பதில் தொடங்கியதாம்.
சம்மதத் தாளை நான்தான் கொண்டுபோனேன்.
கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.
“ஐந்து தண்டா?”
“ஐந்து.”
வெளியே வந்து ஒரு ரோஜாப் புதரைக் காட்டினார்.
“இதற்கடியில் மட்டும் வேண்டாம். மில்கா இருக்கிறாள்.”
யார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.
“நாய்,” என்றார், கையெழுத்துப் போட்டபடி.

பதினாறு அடி ஆழத்தில் போகும் ஐயா,
அதற்குத் தெரியவே தெரியாது
என்று சொல்லியிருக்கலாம்.
நான்காவதை இரண்டடி இடப்பக்கம் தள்ளினேன்.
பொறியாளருக்கு எழுதிய காரணம்:
நிலத்தடித் தடங்கல்.
அவள் கணக்கைத் திரும்பப் போட்டு, சரி என்றாள்.

சுற்றுக்கு மூன்று அங்குலம்.
இது தோண்டுகிற சாமான் இல்லை.
ஒரு பிடி மண்ணும் வெளியே வராது.
பலகைக்குள் திருகாணி போல
போன வழியை மூடிக்கொண்டே போகும்.
உள்ளே நடப்பதைச் சொல்ல
அழுத்தமானியின் முள் ஒன்றுதான்.
பன்னிரண்டு அடிவரை அது படுத்தே கிடந்தது.
ஊறிய களி, கஞ்சிப் பதம்.
இன்னொரு தண்டு, போல்ட், முடுக்கு.
இன்னொன்று.
இருபத்து மூன்றில் முள் எழுந்தது.
எழுந்து
நின்றது.

தட்டு. மரை. பிறகு ஜாக்கி வைத்து
சுமக்க வேண்டியதற்கும் மேலே இழுத்து
பத்து நிமிஷம் பிடித்திருந்தோம்,
மூச்சையும் சேர்த்து.

“ஏதாவது அசைந்ததா?”
கீழேயிருந்து கத்தினாள் வெர்னா.
என்னைத்தான் கேட்கிறாள் என்று வாயைத் திறந்தேன்.
“இல்லை,” என்றார் வேலியோரம் லூபிச்,
புதரின் அடியையே பார்த்துக்கொண்டு.

சிமெண்டை உடைத்துத் துளைகளைத் திறந்தோம்.
பழுப்புத் தண்ணீர்
சாயங்காலம் வரை வந்துகொண்டிருந்தது.