ஆற்றில் போட்டாலும்

இருநூறு டொலர்.
முதியோர் இல்லத்தில் இரவு வேலை கூட்டிச் செய்ததில்
எல்லாச் செலவும் போக நின்றது.
குசினி மேசையில், உப்புப் போத்தலுக்குக் கீழே,
விசிறிக் காற்றுக்குப் படபடக்கிறது.

டண்டினோங்கில் இன்று முப்பத்தெட்டுப் பாகை.
கடை யன்னல்களில் பஞ்சுப்பனி.
சிவப்பு அங்கிக்குள் வேர்த்து வழிந்த ஒருவர்
மணியை ஆட்டி உண்டியலை நீட்டினார்.
எந்த நிறுவனம் என்றேன்.
தாடியை நாடிக்குக் கீழே இழுத்து மூச்சு வாங்கி,
"தெரியாது, எனக்கு மணிக்கணக்குச் சம்பளம்" என்றார்.
தண்ணீர்ப் போத்தல் ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.
அது நேரே தொண்டைக்குள் இறங்கியது.
இந்த வருடம்
போய்ச் சேர்ந்ததை நான் கண்ணால் கண்ட
ஒரே கொடை.

தபாலில் ஐந்து வந்திருக்கின்றன.
ஒன்றுக்குள் பேனை.
இன்னொன்றுக்குள் என் பெயர் அச்சிட்ட ஒட்டுத்தாள்கள்,
கொன்சிலியாவில் ஓர் எழுத்தைத் தின்றுவிட்டு.
கேளாமலே தந்துவிட்டுப்
பிறகு கேட்கிறார்கள்.
மூன்றாவதில் ஒரு பிள்ளை.
போன மார்கழியிலும் இதே பிள்ளை,
இதே கன்னத்தில் இதே துளி.
இவ்வளவு மாதமாய்
துடைத்துவிட ஒருவருமா இல்லை?

நேற்றுத் தொலைபேசியில் ஒரு தேன்குரல்.
இன்றிரவுக்குள் தந்தால் இரட்டிப்பாகுமாம்.
பதிவு எண்ணைச் சொல்லுங்கோ என்றேன்.
தேன் அறுந்தது.

"குடுக்கிறதெண்டால் குடு, துருவாதை,"
என்கிறார் பெனடிற், தொலைக்காட்சியை விட்டுத் திரும்பாமல்.
"வலக்கை செய்யிறது இடக்கைக்குத் தெரியக்கூடாது."
நானும் ஞாயிறு தவறாமல் கேட்டவள்தான்.
ஆனால் என் வலக்கை மௌசை நகர்த்துகிறது,
காலுடைந்த கண்ணாடியை இடக்கை தாங்குகிறது.
ஒன்றுக்குத் தெரியாமல் மற்றது
இந்த வீட்டில் எதைச் செய்யும்?

அவர் ஏன் திரும்பவில்லை என்று எனக்குத் தெரியும்.
ஊரில் வெள்ளம் வந்த வருடம்
கோயில் மண்டபத்தில் கதிரை போட்டிருந்து
சனத்திடம் சேர்த்தவர் இவர்.
சேர்த்ததை வாங்கிக்கொண்டு போனவனுக்கு
நல்ல சேட்டு, நல்ல பேச்சு.
பிறகு அவனுடைய எண் அடிக்கவேயில்லை.
என் காப்பொன்றும் அதற்குள் போனது; அது போகட்டும்.
இன்றும் சந்தையில் எவரேனும்
"அந்தக் காசு என்னண்ணை நடந்தது?" என்றால்
பெனடிற் தக்காளியைப் பார்ப்பார்.
எழுதாத ரசீதுகள் இன்னும் லாச்சிக்குள் கிடக்கின்றன.
எறியவும் மாட்டார், பார்க்கவும் மாட்டார்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளக்கிறேன்.
ஒரு பெயர் பதிவேட்டிலேயே இல்லை.
ஒரு பெயர், எல்லோரும் அறிந்த பெயர்தான்,
ஓரெழுத்து மட்டும் வேறு.
ஒன்று இரண்டு வருடமாய்க் கணக்குக் கொடுக்கவில்லை.
ஒன்றின் அறிக்கை நாற்பது பக்கம்,
நாற்பதிலும் சிரிப்பு.

கடைசிக் கடிதத்தில் பேனையும் இல்லை, பிள்ளையும் இல்லை.
இரவோடிரவாய் வீட்டை விட்டு ஓடிவந்த பெண்களுக்கு
மெத்தை, கேத்தில், குளிர்ப்பெட்டி கொடுக்கிறவர்கள்.
கோணலாய்ப் பிரதியெடுத்த ஒன்பது பக்கம்.
ஆறாம் பக்கத்தில் இப்படி:
"இவ்வருடம் வாங்கிய பழைய குளிர்ப்பெட்டிகளில்
பதினொன்று ஒரு மாதத்திலேயே நின்றுவிட்டன.
சோதிக்காமல் வாங்கியது எங்கள் பிழை.
நட்டம் கீழே."
கீழே நட்டம் இருந்தது, சதம் வரை.

இரண்டாம் தரம் சத்தமாய் வாசித்தேன்.
தொலைக்காட்சியின் ஒலி குறைந்தது.

யாரோ ஒருவர்
இரவில், இப்படி ஒரு மேசையில் இருந்து,
எழுதாமல் விட்டிருக்கலாம் அந்த வரியை.
ஒரு சனமும் கேட்டிராது.

பெனடிற் வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்றார்.
எரிவாயு மணம், நகக்கண்ணில் கறுப்பு எண்ணெய்:
இருபது வருடமாய்
பிறர் வீட்டுக் குளிரைத் திருத்துகிற கை
திரையில் அந்த வரியைத் தொட்டது.

"என்ன கொம்பனிப் பெட்டியள்?" என்றார்.
அது போடவில்லை என்றேன்.
"எறிஞ்சு போட்டினமோ, வைச்சிருக்கினமோ?"
அதுவும் போடவில்லை.

"கேள்," என்றார்.
உப்புப் போத்தலைத் தூக்கி
இருநூறையும் ஒருமுறை எண்ணிவிட்டுத்
திரும்ப வைத்தார்.