மூன்று லட்சத்துக்குக் கீழே

கீழவாசல் கிரைண்டர் ரிப்பேர் கடை துளசிராமுக்கு
அந்தப் பாலிசியை விற்றவள் நான்தான்.
சித்திரை மத்தியானம், ஸ்கூட்டி சீட்டில் உட்கார முடியாத வெயில்.
வருஷத்துக்கு மூவாயிரத்து நானூறு, இருபது லட்சம் கவரேஜ்.
இருபது லட்சம் என்னும்போது
என் குரல் தானாக ஒரு படி ஏறும்.
முதல் மூன்று லட்சம் உங்கள் பொறுப்பு என்பதை
பஸ்ஸில் சில்லறை கேட்பதுபோல்
சொல்லி முடித்துவிடுவேன்.

டிடக்டிபிள்னா என்னக்கா?
வாசப்படி மாதிரி, என்றேன்.
ஏறிட்டா அப்புறம் கம்பெனி பாத்துக்கும்.

முதல்வர் காப்பீட்டு அட்டைக்கு அவர் வருமானம் அதிகம்.
முழு பாலிசிக்குப் போதாது.
இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களை நம்பித்தான்
என் கமிஷன்,
என் மகனின் பாலிடெக்னிக் ஃபீஸ்.

ஆடியில் டெங்கு:
ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம்.
ஐப்பசியில் நெஞ்சுவலி, ஒரு ஸ்டென்ட்:
இரண்டு லட்சத்து நாற்பத்தோராயிரம்.
கூட்டினால் நாலு லட்சத்து மூவாயிரம்.
கூட்டக் கூடாது.
ஒவ்வொரு அட்மிஷனும் தனித்தனியாக வாசப்படி ஏற வேண்டும்
என்று பதினோராம் பக்கத்தில் இருக்கிறது.

கூட்டிக்கொள்கிற பாலிசியும் உண்டு.
பெயருக்கு முன்னால் சூப்பர் என்று ஒரு சொல்,
தொள்ளாயிரம் ரூபாய் கூட.
அன்றைக்கு அவர் விரலை நனைத்து நனைத்து
ஐம்பது ரூபாய்த் தாள்களை எண்ணிக்கொண்டிருந்தார்.
நான் அதைச் சொல்லவில்லை.
மறந்துவிட்டேன் என்று வீட்டில் சொன்னேன்.
மறக்கவில்லை.

மேலூர் ரோடு ஆஸ்பத்திரியில் பில் போட்ட பெண்
ஒரு மார்க்கில் ஃபெயில் என்பதுபோல் சொன்னாள்:
இன்னும் ஐம்பத்தொன்பதாயிரம் ஆகியிருந்தா
கிளெய்ம் போட்டிருக்கலாம் மேடம்.
அவர் மனைவி சுகுணா
ஐ.சி.யூ. கதவை ஒரு நொடி திரும்பிப் பார்த்தார்.
என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை.
நான் நினைத்தது:
இன்னும் ஒரு ஸ்டென்ட்.

அன்று சாயங்காலமே முனிச்சாலை அடகுக் கடைக்குப் போனது
முப்பத்திரண்டு கிராம்.

திருநகரில் ஒரு வாத்தியார்.
இதே பாலிசி. கல்லீரல். பதினாறு லட்சம் பில்,
பதிமூன்று வந்தது.
அவர் வீட்டம்மா என்னை நடுரோட்டில் நிறுத்திக்
கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.
அந்தக் கை பொய்யில்லை.
ஆனால் மீதி மூன்றை அவர்கள் பி.எஃப்.பிலிருந்து எடுத்தார்கள்.
கிரைண்டர் கடைக்கு ஏது பி.எஃப்.?

யானைக்கல் தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் போனால்
போலீஸ் தடுப்பு வைக்கும்.
முழங்கால் தண்ணீரில் வழுக்கியவன்
எந்த வெள்ளக் கணக்கிலும் வர மாட்டான்.

மறுபடி சித்திரை. ரினிவல்.
துளசிராம் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார்,
கருகிய வார்னிஷ் வாசம்.
இதுல ஓவர்லோடு சுவிட்ச் நல்லாத்தான்க்கா இருக்கு, என்றார்.
லோடு அதுவரைக்கும் போகவே இல்ல.
கொஞ்சம் கீழயே ஓடி ஓடி
காயில் வெந்துபோச்சு.
மோட்டாரைப் பற்றித்தான் சொன்னார்.

சுகுணா தபால் ஆபீஸில் ஆர்.டி. தொடங்கியிருக்கிறார்.
மாதம் இரண்டாயிரம், வாசப்படிக்கு.
நான் மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன்:
நூற்றைம்பது மாதம்.

பணத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.
தொள்ளாயிரம் கூட இருந்தது.
சூப்பர்தானே இந்தத் தடவை?
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
என் முகத்தை அவர் பார்க்கவில்லை,
அல்லது பார்க்காமல் இருந்தார்.

பாலிசி புதுசு, நெஞ்சு பழசு.
கம்பெனி எடுத்துக்கொண்டாலும் இதயத்துக்கு மட்டும்
மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும்.
இந்த முறை சொன்னேன்.
இரண்டு தடவை சொன்னேன்.

அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை.