நீர்

ஈரமானி இருபத்தொன்று காட்டியது.
பதினேழுக்கு மேல் எடுக்க உத்தரவில்லை என்றார் எழுத்தர்,
என் முகத்தைப் பார்க்காமல்.
காய வைத்துக் கொண்டுவாங்க.
எங்கே காய வைப்பது, ஐப்பசியில்?
தார்ச்சாலையின் ஒரு பாதி ஏற்கெனவே கலியமூர்த்தியின் நெல்.
மறு பாதியில் பேருந்து போகிறது.

ஆக்கூர்க் கொள்முதல் நிலையத்துக்கு வெளியே
என் குறுவை, நூற்றுப்பத்து மூட்டை, குவியலாகக் கிடந்தது,
தாலிக்கொடி, தங்கச்சி வளையல், சங்கக் கடன்
எல்லாம் ஒரே நிறமாக.
ஒன்பது இரவு அதன் காலடியில் படுத்தேன்.

ஜெபிக்கத் தெரியாதவள் இல்லை நான்.
மாதர் சங்கத்தில் என்னைத்தான் எழுப்புவார்கள்.
அன்னபாக்கியம் ஜெபித்தால் ஆறின சோறு என்று
பிள்ளைகள் சிரிக்கும்.
தேவரீர் என்பேன், கிருபாசனத்தண்டை என்பேன்,
நீர் பெரியவர், நீர் நல்லவர், நீர் மாறாதவர்,
கொடியில் துணி போல ஒன்றன்பின் ஒன்றாக.
கேட்பதற்கு அப்போது ஒன்றும் இருந்ததில்லை.
அதனால்தான் சொல் அவ்வளவு அழகாக வந்தது.

நான்காம் இரவு தார்ப்பாய் ஒரு மூலையில் கிழிந்தது.
கை விட்டுப் பார்த்தால் குவியலின் வயிற்றில் காய்ச்சல்.
புளித்த வாடை.
ஏழாம் நாள் வெள்ளை முளை,
குழந்தையின் முதல் பல் அளவு.

சபை ஐயர் குடையோடு வந்தார்.
மணி நிலத்தில் விழுந்து செத்தால்தான் பலன் என்று நினைவூட்டினார்.
நல்ல மனுஷர். செருப்பெல்லாம் சேறு.
வேதத்தில் அது கோதுமை ஐயா, என்றேன்,
சாக்குக்குள் முளைத்த நெல்லுக்கு வசனம் இருக்கிறதா?
அவர் பதில் சொல்லவில்லை.
அதற்காகவே அவரை எனக்கு இன்னும் பிடிக்கும்.

அன்று இரவு வழக்கம்போல் ஆரம்பித்தேன்.
நீர், என்றேன்.
மேலே நீர். பாயின் மடிப்பில் நீர்.
நெல்லுக்குள் நூற்றுக்கு இருபத்தொன்று நீர்.
அந்தச் சொல்லைத் தாண்டி வாய் நகரவில்லை.
பிறகு, மாட்டை விரட்டும் தொண்டையில், என்னையறியாமல்:
நீ என்னதான் பண்ணிக்கிட்டு இருக்க?
கண்ணு தெரியலையா ஒனக்கு?

நீ.
நாற்பத்தாறு வருஷத்தில் அவரை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.
அம்மாவைச் சொல்வேன். கூடப் பிறந்தவனைச் சொல்வேன்.
இடி விழுமென்று காத்திருந்தேன்.
தவளைதான் கத்தியது.
பக்கத்துக் குவியலில் கலியமூர்த்தி தலை தூக்கி
யார்கிட்டக்கா சண்டை, என்றார்.
சாமிகிட்ட.
எனக்கும் சேத்துப் போடுங்க, என்று
தன் பாயின் நுனியை என் பக்கம் இழுத்துவிட்டார்.

போட்டேன். விடியும்வரை போட்டேன்.
வட்டி, திருப்பூர் சாயப்பட்டறையில் இருமுகிற என் வீட்டுக்காரர்,
கலியமூர்த்தியின் நெல், அவர் மகளின் பரீட்சைக் கட்டணம்.
எதற்கும் தேவரீர் வரவில்லை.
நடுவில் வெகுநேரம் சும்மா இருந்தேன்.
அதுவும் பேச்சாகத்தான் இருந்தது.

அதற்காக மழை நிற்கவில்லை.
அறுபத்திரண்டு மூட்டை எடுத்தார்கள்.
மீதி வாத்துக்காரனுக்கு, வந்த விலைக்கு.
கொடி இன்னும் சங்கத்தில்.

இப்போது என்னை ஜெபிக்க எழுப்பினால்
இரண்டு வரியில் உட்கார்ந்துவிடுகிறேன்.
என்ன அன்னபாக்கியம், பின்வாங்கிப் போயிட்டியா, என்கிறார்கள்.

விடியற்காலை நாலு மணிக்கு
மகிமலையாற்று மதகுக்குப் போகிறேன்,
தாளடிக்கு முறைத்தண்ணீர் திருப்ப.
மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுக் கரையில் குந்துகிறேன்.
இன்னிக்கு நீ மொதல்ல சொல்லு, என்கிறேன்.

வாய்க்கால் நிறைய நேரம் பிடிக்கிறது.