தொண்ணூற்றேழு கண்கள்

கராஜ் கதவைப் பாதி தூக்கிவிட்டு
வெள்ளி இரவு
நானும் டெல்ஃபீனும் பொட்டலம் கட்டினோம்.
ஹான்காக்கில் ஜூன் மாதம்
ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும்,
கொசுவும்.

முதலில் மினுக்குத்தூள்.
பதினோரு டாலருக்கு வாங்கியது,
முக்கால் பாட்டில் மிச்சம்.
ஆறு என்று எழுதினேன்.
கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி
அவள் ஆறை அடித்தாள்.
ஐம்பது சென்ட்.
"உன் ஆசைக்கு எவளும் காசு தரமாட்டாள், மார்லிஸ்.
பாட்டிலுக்குத்தான் தருவாள்."

முப்பத்தோரு வருஷம்
ஹார்டுவேர் கடைக் கல்லாவில் நின்றவள்.
அவளுக்கென்று சட்டங்கள் உண்டு:
உள்ளே இருப்பது தெரிய வேண்டும், கொட்டக் கூடாது.
பையின் வாயை மடித்து, அட்டை வைத்து
இரண்டு ஸ்டேபிள்.
ஒரு நல்ல ரிப்பனோடு
நாதியற்ற இரண்டைச் சேர்த்துக் கட்டு.

நுரை எழுத்துகளைப் பிரித்தேன்.
ஏ-யும் ஈ-யும் எப்போதோ தீர்ந்துவிட்டன.
க்யூ மட்டும் பதினேழு.
க்யூவில் தொடங்கும் பிள்ளை
இந்த மாவட்டத்திலேயே கிடையாது.

காய்ந்த பாசி. பைன் காய்கள்.
கம்பி வளையங்கள், வாங்கிய உறையோடு.
மூன்று வருஷம் சர்ச் கண்காட்சியில் மேசை போட்டு
நான் விற்ற கதவு வளையங்கள் நான்கு.
அதில் இரண்டை வாங்கியவள் டெல்ஃபீன்.
அவள் கதவில்
ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.
கேட்டதும் இல்லை.

பிறகு அந்தக் கண்கள்.
வெள்ளை பிளாஸ்டிக்கில் உருளும் கறுப்புப் பாப்பா.
எண்ணினால் தொண்ணூற்றேழு.
"நூறு என்று போடு, எவன் எண்ணப்போகிறான்?"
போட மனம் வரவில்லை.
தொண்ணூற்றேழு, ஒரு டாலர்.
பை முழுக்கத் திரும்பி
என்னையே பார்த்தன.

சனி காலை ஆறரை,
பலகை நடும் முன்பே மூன்று கார்கள்.
ஒருத்தி கம்பளி நூலை முகர்ந்து பார்த்து,
"நாய் உண்டா?" என்றாள்.
உண்டு.
வைத்துவிட்டுப் போனாள்.
ஒரு பையன் பாதிப் பை மட்டும் வேண்டுமென்றான்.
டெல்ஃபீன் ஸ்டேபிளைப் பிடுங்கி
பாதி விலைக்கே கொடுத்தாள்,
தன் சட்டத்தைத் தானே மீறி.

பத்து மணிக்கு வெஸ் லாம்பினன் வந்தார்,
கவுன்டி பனிவண்டி ஓட்டுகிறவர்.
கண்கள் பையைத் தூக்கிக் குலுக்கி,
"மீதி மூன்று எங்கே?"
"வாங்கும்போதே அவ்வளவுதான்."
"இதைவிடப் பெரியது?"

இருந்தது ஒரு ஜோடி, சாசர் அளவில்.
ஆந்தை முகத்தில் ஒரு வளையம் செய்ய நினைத்து
ஆந்தை வரவே இல்லை.
பையோடு கொசுறாகப் போட்டுவிட்டேன்.
"பேரப்பிள்ளைகளுக்கா?" என்றேன்.
ஆமென்றும் இல்லையென்றும் ஆகாத
ஒரு தலையசைப்பு.
நான்கு கால் டாலர்களை
மேசையில் வரிசையாக வைத்துவிட்டுப் போனார்.

மொத்தம் அறுபத்து மூன்று டாலர், இருபத்தைந்து சென்ட்.
மிச்சத்தை ஒரு பெட்டியில் போட்டு
'இலவசம்' என்றெழுதி
சாலையோரம் வைத்தோம்.
விடிந்தபோது பெட்டியும் இல்லை.
யாரோ பதினேழு க்யூக்களையும்
புல்லில் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஜனவரி. அதிகாலை நாலரை.
ஏரியிலிருந்து வந்த பனி
ஜன்னல் விளிம்பைத் தொட்டுவிட்டது.
மண்வெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன்.
தெருமுனையில் மஞ்சள் விளக்கு சுழன்றது.
கரகரவென்று இரும்பு.
அந்த ஆரஞ்சுத் தகட்டின் நெற்றியில்
இரண்டு பெரிய கண்கள்,
ஒவ்வொரு குலுக்கலுக்கும்
பாப்பா எகிறி எகிறி விழ,
யாரைப் பார்ப்பதென்று தெரியாமல்
எங்கள் தெருவையே பார்த்துக்கொண்டு வந்தது.

வழக்கமாக என் வண்டிப்பாதையின் வாயில்
இடுப்பளவு சுவர் எழுப்பிவிட்டுப் போகும்.
அன்று என் வாசல் வந்ததும்
தகடு ஒரு நொடி உயர்ந்து,
தாண்டியபின் இறங்கியது.

ஏழு மணிக்கு டெல்ஃபீன் போன் செய்தாள்,
மூச்சிரைக்க,
தன் வீட்டுச் சுவரைப் பாதி வெட்டியிருந்தாள்.
"அவனுக்கு என்ன விலைக்குக் கொடுத்தாய்?"
"ஒரு டாலர். உன் விலைதான்."
கொஞ்ச நேரம்
பனி தட்டும் சத்தம் மட்டும்.
"இரண்டு கேட்டிருக்கலாம்" என்றாள்.