ஆர்வம்: நன்று

பெயர் வைக்கக் கூடாது என்றார் மருத்துவர் நஜ்மா.
பதிவேட்டில் 412.
செந்தலை வல்லூறு, ஆண்,
இடது இறக்கையில் மாஞ்சா வெட்டு,
கிடைத்த இடம்: பாணஸ்வாடி,
பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டியின் மேல், ஆடிக் காற்றில்.

நான் லிஃப்ட் மெக்கானிக்.
இருபத்திரண்டு வருடமாக ஆட்களை மேலே அனுப்புகிறேன்.
அதனால்தான் என்னைக் கேட்டார்களோ என்னவோ,
ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும்
உங்களால் மாடி ஏற முடியுமா என்று.

ஹென்னூர் தாண்டி, வழக்கில் நின்றுபோன கட்டடம்.
பதினான்கு தளம், சுவர் இல்லை.
லிஃப்ட் ஓடவேண்டிய இடத்தில் வெறும் குழி,
அடியில் மழைநீர், அதில் மிதக்கிற ஒற்றைச் செருப்பு.
காவலுக்கு ராம்பிரவேஷ், அவனுடைய பீடிக்கட்டு, யாருடையதோ ஒரு நாய்.

கீழே நஜ்மா கையில் பறவை.
மேலே நான், தோலுறை, அதில் காடைத் துண்டு.
நூலால் அறுபட்டதற்குக்
காலில் இன்னொரு நூல்.
இரண்டு விசில்.
முதல் தளத்துக்கு வந்தது. யோசித்து இரண்டுக்கு வந்தது.
மூன்றுக்கு வருவதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டது.

எடைதான் எல்லாம்.
நூற்று எழுபத்தொரு கிராமில்
தூணைப் பார்ப்பதுபோல என்னைப் பார்க்கும்.
நூற்று ஐம்பத்தெட்டில் தோள் நடுங்கும்.
நூற்று அறுபத்து நான்கில்
ஏறும்.

பட்டினி போட்டுத்தானே ஏற்றுகிறோம் என்றேன் ஒரு நாள்.
பதிவேட்டில் பட்டினிக்குக் கட்டம் இல்லை,
ஆர்வம் என்று எழுதுங்கள் என்றார் நஜ்மா.
எழுதினேன்.
ஆர்வம்: நன்று.

என் பெட்டிகளுக்கும் எடை ஒன்றுதான் புரியும்.
ஓர் ஆள் கூடினால் மணி அடிக்கும், கதவு மூடாது.
கடைசியாக ஏறியவர்தான் இறங்க வேண்டும்.
ஆனால் எல்லோரும் பார்ப்பது
சாப்பாட்டுப் பொட்டலத்தோடு நிற்கிற பையனை.

ஏழாம் தளத்தில் மார்கழி முழுக்கச் சிக்கிக்கொண்டது.
ஆறு வரை வரும்,
அங்கே காற்று மூலை திரும்பித் தள்ள,
போய் மணல் குவியலில் உட்காரும், வாய் திறந்தபடி.
வாடா, என்று கத்திவிட்டேன் ஒரு தடவை.
பேசக் கூடாது என்பதும் விதி.
நஜ்மாவுக்குக் கேட்டிருக்கும். கேட்காதமாதிரி இருந்தார்.

ராம்பிரவேஷ்தான் சொன்னான், அவன் இந்தியில்,
நான் அரையும் குறையுமாக வாங்கிக்கொண்டேன்:
அந்தப் பக்கம் ஏன் நிற்கிறீர்கள்,
மேற்கே போங்கள்.
என் பீடிப் புகை தினமும் அந்த வழியாகத்தான் மாடி ஏறுகிறது.

மேற்கே போய் நின்றேன்.
இறக்கை அடிப்பதையே நிறுத்திவிட்டுச்
சும்மா விரித்து வைத்துக்கொண்டு
ஏழு
எட்டு
ஒன்பதில் நான் நிற்கவில்லை என்பதால் திரும்பி எட்டுக்கு.

நூல் கழற்றியது மாசியில்.
பதினான்கில் நின்றேன்,
முழங்கால் இரண்டும் ஆளுக்கொரு பேச்சுப் பேசின.
விசில்.
ஒரு புள்ளி,
பிறகு செம்பழுப்புத் தலை, பிறகு மஞ்சள் கால்,
கை நீட்டினால் தொட்டுவிடலாம்,
அது என்னைப் பார்க்கவில்லை.
எனக்கு மேலே உழவாரன்கள் கிறீச்சிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தன.
வரைபடத்தில்கூடப் பதினைந்து என்றொரு தளம் கிடையாது.
அங்கே போனது.

காடைத் துண்டைப் பிடித்தபடி வெயில் ஏறும்வரை நின்றேன்.
எறும்பு வந்துவிட்டது.
இறங்கினேன். இருநூற்று எண்பது படி.
எடை என்ற கட்டத்தில் இன்றைக்கு என்ன எழுத?
கோடு போடுங்கள், என்றார் நஜ்மா.
மீந்ததை நாய் தின்றது.

திங்கட்கிழமை மாரத்தஹள்ளியில்
புது லிஃப்டுக்குச் சுமைச் சோதனை.
மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினோம்.
கடைசி மூட்டை வெளியே போனதும்
யாரும் பொத்தானை அழுத்தாமலே
காலிப் பெட்டி ஒரு விரற்கடை எழும்பி நின்றது.
ஏன் சார் அப்படிப் பார்க்கிறீங்க, என்றான் கிரீஷ்.
கயிற்று நீட்சிப்பா, என்றேன்,
எழுதிக்கோ.