நண்டுக்குப் பசித்தது

உவர்மலையில் கரண்ட் வந்த பிறகு
யதுஷாவின் லாப்டாப்பில் ஒரு கார்ட்டூன் படம்.
தகப்பன் நண்டை அலை கொண்டுபோகிறது.
குட்டி அழவில்லை.
அதற்குப் பசிக்கிறது.
வரைந்த கை அந்த இடத்தில் நடுங்கியிருக்கிறது,
கோட்டை அழித்துத் திருத்தவில்லை.

அப்பாவின் செத்தவீட்டைப் பற்றி
நான் எழுதிய கவிதையில்
கொட்டியாரக் குடா முழுக்கக் கண்ணீர்.
அன்றைக்கு நான்
வாடகைக் கதிரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
நூற்றிருபது.
இரண்டு உடைசல்.
ஆர் காசு கட்டுவது?

"ஏன் நிப்பாட்டினீங்க?" என்கிறாள்.

குடாவை வெட்டினேன்.
கதிரைகளை எழுதினேன், உடைசலோடு.

ஜன்னலுக்கு வெளியே
தெருவில் திரியும் மான் ஒன்று
சோற்றுப் பார்சல் சுற்றிய தாளைத்
தின்றுகொண்டிருந்தது,
எவர் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று.